விடைபெற்ற பிறகும் காத்திருக்கும் வாசல்

கம்ப்யூட்டருக்குள் இருக்கிற எல்லோருக்கும் வாய் இருந்த காலம் அது. புரோகிராம்கள் பேசின. செய்தியைச் சுமந்து கம்பி வழியாக ஊர்விட்டு ஊர் போகும் பாக்கெட்டுகளும் பேசின. போகிற வழியெல்லாம் பேசிக்கொண்டேதான் போயின. இப்போது எல்லாம் வாயை மூடிக்கொண்டு வேலை பார்க்கின்றன. நல்லதுதான், இல்லாவிட்டால் அந்தச் சத்தத்தில் நாம் ஒரு காரியம் செய்ய முடியுமா?

அந்தக் காலத்தில், மலைமேல் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அதன் ஆபீஸ் அறையில் ஒரு கம்ப்யூட்டர். அதற்குள் கெர்னல் என்று ஒருத்தி இருந்தாள். அங்கே முழுப் பொறுப்பும் அவளுடையது. யாருக்கு எவ்வளவு இடம், யாருக்கு எப்போது முறை, யார் எதைத் தொடலாம் என்பதெல்லாம் அவள் சொல்வதுதான். வெளியூர்க் கம்ப்யூட்டரோடு பேச வேண்டுமென்றாலும் அவளிடம்தான் வந்து நிற்க வேண்டும். அவளைக் கேட்காமல் எந்தப் புரோகிராமும் வெளியே தலையை நீட்ட முடியாது.

வெளியூர்ப் பேச்சுக்கென்று அவளிடம் வாசல்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பேச வருகிறவருக்கு அதில் ஒன்றைக் கொடுப்பாள். பேச்சைத் தொடங்கவும் ஒரு முறை இருந்தது. "பேசலாமுங்களா?" என்று இங்கிருந்து ஒரு பாக்கெட் போகும். "பேசலாமுங்க. நானும் பேசலாமுங்களா?" என்று அங்கிருந்து ஒன்று வரும். "தாராளமா பேசுங்க" என்று இங்கிருந்து மறுபடி ஒன்று போகும். அதற்குப் பிறகுதான் விஷயத்துக்கே வருவார்கள். சம்பந்தம் பேசுகிற வீடுகளில்கூட இவ்வளவு மரியாதை பார்க்க மாட்டார்கள்.

விஷயம் துண்டு துண்டாக, பாக்கெட் பாக்கெட்டாக வரும். ஒவ்வொன்றின் நெற்றியிலும் ஓர் எண் எழுதியிருக்கும். முன்னே பின்னே வந்தவற்றைக் கெர்னல் எண்ணைப் பார்த்து வரிசைப்படுத்தி, உரியவர் கையில் கொடுப்பாள். "வந்துச்சுங்க" என்று அனுப்பியவருக்குப் பதிலும் போடுவாள். அந்தப் பதில் வந்து சேரவில்லையென்றால், பாக்கெட் வழியில் தொலைந்துவிட்டது என்று எண்ணி, அந்தப் பக்கத்துக் கெர்னல் அதே எண்ணோடு, அதே செய்தியோடு இன்னொன்றை அனுப்புவார். எல்லாம் பேசி முடிந்ததும் இரண்டு பக்கமும் "போயிட்டு வர்றனுங்க", "சரிங்க" என்று முறையாக விடைபெறுவார்கள்.

நம் கெர்னல் நல்லவள்தான். ஆனால் சுத்தத்திலும் சிக்கனத்திலும் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு அவளுக்கு இருந்தது. விடைபெற்றவரின் காலடிச் சத்தம் அடங்குவதற்குள் விளக்குமாற்றை எடுத்துவிடுவாள். முன்னால் பேசியவரின் சுவடே தெரியாமல் வாசலைப் பெருக்கி, அடுத்து நிற்பவருக்குக் கொடுத்துவிடுவாள். ஆயிரக்கணக்கில் வாசல்கள் இருந்தும் முதல் வாசலையே திரும்பத் திரும்பக் கொடுத்தாள்.

"பெருக்கி வச்ச வாசல் இருக்கறப்ப இன்னொண்ணை எதுக்குத் திறக்கோணும்? என் வாசல் சும்மா கிடந்து யாராச்சும் பாத்திருக்கீங்களா?" என்பாள்.

யாரும் பார்த்ததில்லை.

ஒரு மழைநாள் காலையில் நாச்சிமுத்து அவளிடம் வந்தான். ஆஸ்பத்திரிக்கு மருந்துச் சரக்கு கேட்டு வாங்கும் புரோகிராம் அவன். "அக்கா, சலைன் பாட்டில் தீந்துபோச்சு. கீழே கிடங்குல கேக்கோணும்" என்றான். மலையடிவாரத்தில் பெரிய கிடங்கு ஒன்று இருந்தது. மருந்தோ ரத்தமோ எது வேண்டுமானாலும் அங்கிருந்த கம்ப்யூட்டரோடுதான் பேச வேண்டும். கெர்னல் முதல் வாசலைக் கொடுத்தாள்.

பேச்சு நன்றாகத்தான் நடந்தது. கிடங்கிலிருந்து முதல் பாக்கெட் வந்தது: "கேட்டது கிடைத்தது." இரண்டாவதும் வந்தது: "எடுத்து வைக்கிறோம்." மூன்றாவதைத்தான் காணோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கிடங்குக் கெர்னல் அதே மூன்றாம் எண்ணில் இன்னொரு பாக்கெட்டை அனுப்பினார். அது வந்து சேர்ந்தது: "நீங்கள் கேட்டதை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது." நாச்சிமுத்துவுக்குத் திருப்தி. விடைபெற்றுக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போனான். கெர்னல் பெருக்கி முடித்தாள்.

ஆனால் முதலில் கிளம்பிய அந்த மூன்றாம் எண்காரன் தொலைந்துபோகவில்லை. மழையில் ஒரு கம்பி அறுந்துவிட்டதால், வழியில் நின்று வழி காட்டுகிறவர்கள் இரண்டு பேர் குழம்பிப்போயிருந்தார்கள். "மலைக்கா? அதோ, அவர்கிட்டப் போப்பா" என்று ஒருவர் அனுப்ப, "மலைக்குன்னா அவர்கிட்டல்ல போகோணும்?" என்று மற்றவர் திருப்பி அனுப்பினார். அவனும் சளைக்காமல் இவரிடமிருந்து அவரிடமும் அவரிடமிருந்து இவரிடமும் அலைந்தான். ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியவர்களுக்கு அவன் பாடு புரியும். வழிகாட்டி ஒருவரைத் தாண்டும்போதெல்லாம் பாக்கெட்டின் ஆயுளில் கொஞ்சம் குறையும். அவனுக்கும் குறைந்துகொண்டே வந்தது.

அந்த நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்குள் சவரியம்மாளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். தோட்டத்தில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தபோது, காற்றில் முறிந்த மரக்கிளை அவள் தொடையைக் கிழித்திருந்தது. ரத்தம் நிறையப் போயிருந்தது. உடனே ரத்தம் ஏற்ற வேண்டும் என்றார் டாக்டர். அவளுடையதோ லேசில் கிடைக்காத வகை. ரூபவதி நர்ஸ் ஆபீஸ் அறைக்கு ஓடிவந்து, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து படபடவென்று தட்டினாள். சவரியம்மாளின் புருஷன் மிக்கேல் ஈரச் சட்டையோடு கதவோரம் நின்றான்.

உள்ளே ரத்தம் கேட்கும் புரோகிராமான சிலம்பாயி, கெர்னலிடம் பறந்து வந்தாள். "அக்கா, உசிரு போற காரியம்! கிடங்குக்கு வாசல் குடுங்க!"

"இந்தா, பெருக்கி ரெடியா இருக்குது" என்று கெர்னல் அதே முதல் வாசலைக் கொடுத்தாள். நாச்சிமுத்து போய் இரண்டு மூச்சுகூட ஆகியிருக்காது.

பேசலாமா, பேசலாம், பேசுங்க என்று மரியாதையெல்லாம் முடிந்தது. அந்தக் காலத்தில் எந்தப் பேச்சானாலும் எண்கள் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். கிடங்கிலிருந்து ஒன்றாம் பாக்கெட் வந்தது: "கேட்டது புரிந்தது." இரண்டாவது வந்தது: "தேடிப் பார்த்துச் சொல்கிறோம்." மூன்றாவதற்காகச் சிலம்பாயி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

மூன்றாம் எண்ணும் வந்தது. மூச்சிரைக்க, மழையில் நனைந்த கோழி மாதிரி வந்து விழுந்தது. கெர்னல் பார்த்தாள். கிடங்கிலிருந்து வருகிறது, சரி. முதல் வாசலுக்கு வருகிறது, சரி. மூன்றாம் எண், சரி. "வந்துச்சுங்க" என்று கிடங்குக்குப் பதில் போட்டுவிட்டு, பாக்கெட்டைச் சிலம்பாயி கையில் கொடுத்தாள். சிலம்பாயி பிரித்துப் படித்தாள்: "நீங்கள் கேட்டதை ஏற்றிக்கொண்டு வண்டி கிளம்பிவிட்டது."

ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அதைத் திரையில் காட்டினாள்.

ரூபவதி பெருமூச்சு விட்டாள். ஊரில் யார் யாருக்கு அந்த வகை ரத்தம் இருக்கும் என்று விசாரிக்கப் போனை எடுத்திருந்தவள், அதை அப்படியே கீழே வைத்தாள். "மிக்கேலண்ணே, வண்டி கிளம்பிருச்சு. தைரியமா இருங்க" என்றாள். மிக்கேல், இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இதற்கிடையில் கிடங்கிலிருந்து உண்மையான மூன்றாம் பாக்கெட் வாசலுக்கு வந்தது. "ஏப்பா, மூணாம் நம்பர் முன்னாடியே வந்தாச்சு. நீ ரெட்டைப் பிள்ளையாட்டம் இருக்கறயே" என்று சொல்லி, கெர்னல் அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் கிழித்துக் குப்பையில் தள்ளினாள். இதுவும் அவளுடைய வழக்கம்தான். ஒரே எண்ணில் இரண்டு வந்தால் பிந்தியது குப்பைக்குத்தான் போகும்.

சிலம்பாயி கையிலிருந்த பாக்கெட்டுக்கு இப்போதுதான் மூச்சு திரும்பி வந்தது. வந்து சேர்ந்துவிட்ட சந்தோஷத்தில் அது கேட்டது: "ஏனுங்க, சலைன் பாட்டிலையெல்லாம் எங்க இறக்குவீங்க? மழையில நனையாம இருக்கோணுமில்ல?"

"சலைனா? நான் எப்ப சலைன் கேட்டேன்?"

"நீங்க நாச்சிமுத்து அண்ணன் இல்லீங்களா?"

சிலம்பாயிக்கு விஷயம் பிடிபட்டது. பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டே கெர்னலிடம் ஓடினாள். "அக்கா, இது என்னோடது இல்ல! நாச்சிமுத்துவுக்கு வந்தது! வண்டியில வர்றது சலைன். ரத்தமில்ல!"

"அதெப்படி? வாசலும் சரி, நம்பரும் சரி, அனுப்பினவரும் சரி" என்று கெர்னல் முதலில் முறைத்தாள். தவறு தன்னிடம் இருக்கும் என்று நம்புவது யாருக்குத்தான் சுலபம்?

அந்தப் பாக்கெட்தான் மெதுவாகச் சொன்னது: "அம்மா, நான் கிளம்பினப்ப இந்த வாசல் அண்ணனோடதாத்தானுங்க இருந்துச்சு. வழி சொல்றவங்களுக்குத் தெளியற வரைக்கும் சுத்திக்கிட்டே இருந்ததுல நேரமாயிருச்சு. நான் வர்றதுக்குள்ள நீங்க வாசலை மாத்திட்டீங்க போல."

கெர்னலுக்கு எல்லாம் ஒரே நொடியில் விளங்கியது. அப்படியானால் சிலம்பாயிக்கு வந்த பதில் எங்கே? தான் கிழித்துத் தள்ளியது அதுதான். குப்பையில் கைவிட்டுத் துழாவினாள். அந்த இடத்தையும் அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்து, அவர் வேறு எதையோ எழுதியாகிவிட்டது. அவளுடைய சுறுசுறுப்பு அப்படி. கிடங்குக் கெர்னலோ "வந்துச்சுங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்தார். அவர் இனிமேல் அதை அனுப்பப் போவதில்லை. வெளியே ரூபவதி, வராத ரத்தத்துக்காகக் கட்டிலைத் தயார் செய்துகொண்டிருந்தாள். சவரியம்மாளின் முகம் வெளிறிக்கொண்டே வந்தது.

செய்ய வேண்டியது ஒன்றுதான் இருந்தது. நடந்துகொண்டிருக்கும் பேச்சைப் பாதியில் முறித்துவிட்டு, முதலிலிருந்து கேட்க வேண்டும். விடைபெறாமல் பேச்சை முறிப்பது கெர்னல்களுக்குள் பெரிய அவமானம். நம் கெர்னல் அதுவரை ஒரு பேச்சைக்கூட முறித்ததில்லை. முறித்தவர்களைப் பற்றி என்னென்ன பேசியிருக்கிறாள் என்பதும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அவள் தயங்கவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும்.

பேச்சை முறித்தாள். முதல் வாசலைச் சாத்தினாள். பக்கத்தில் யாருமே திறந்திராத இரண்டாம் வாசலைத் தூசியோடு இழுத்துத் திறந்து, சிலம்பாயியை அங்கே நிறுத்தினாள். கிடங்குக் கெர்னல், "என்னங்க அம்மிணி, நல்லாப் பேசிட்டிருந்தீங்க, திடீர்னு அறுத்துட்டீங்க?" என்று கேட்டார்.

"தப்பு என்னோடதுங்க. உங்க பதிலை நானே குப்பையில போட்டுட்டேன். இன்னொருக்கா சொல்லுங்க, உங்களுக்குப் புண்ணியமா இருக்கும்" என்றாள் கெர்னல்.

அவர் குத்திக்காட்டவில்லை. பதில் வந்தது: "அந்த வகை ரத்தம் எங்களிடம் இல்லை. ஆனால் உங்கள் மலையிலேயே ஒருவர் இருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் கொடுப்பதாகச் சொல்லிவைத்திருக்கிறார். தேயிலை ஃபேக்டரியில் பாய்லர் பார்க்கும் ஹக்கீம்." சிலம்பாயி அதைத் திரை நிறையப் பெரிய எழுத்தில் போட்டாள். முன்னால் சொன்னது தவறு என்றும் சேர்த்துப் போட்டாள்.

ரூபவதி அதைப் படித்தாள். அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. ஃபேக்டரிக்குப் போன் போட்டாள். ஹக்கீம், பாய்லரை இன்னொருவரிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கரி படிந்த கையோடு ஜீப்பில் ஏறினார். மலைப்பாதையில் மண் சரிந்திருந்த இடத்தில் இறங்கி நடந்து, இந்தப் பக்கம் வேறு வண்டி பிடித்து வந்துசேர்ந்தார். கையைக் கழுவிவிட்டு நேராகக் கட்டிலில் படுத்தார்.

பொழுது சாயும்போது சவரியம்மாள் கண்ணைத் திறந்தாள். "நிறுவையில என் கொழுந்தைச் சேத்தாங்களா?" என்றுதான் முதலில் கேட்டாள். மிக்கேல் சிரித்தான், அழுதான். பிறகு ஹக்கீமின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "அட, விடுங்க தம்பி. எனக்கு ஒரு டீ சொல்லுங்க, போதும்" என்றார் அவர்.

ரூபவதி ஆபீஸ் அறைக்கு வந்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, கம்ப்யூட்டரை இரண்டு கையாலும் தொட்டுக் கும்பிட்டாள். "நேரத்துக்குச் சொன்னே, மகராசி" என்றாள்.

உள்ளே கெர்னல் கூனிக் குறுகிப்போனாள். அந்தக் கும்பிடு யாருக்குச் சேர வேண்டியது என்று அவளுக்குத் தெரியும். அலைந்து, நனைந்து, ஆயுள் தீரும் நேரத்தில் தவறான கையில் வந்து விழுந்தும், "நான் உங்களுக்கு வந்தவன் இல்லை" என்று சொன்னானே, அவனுக்குத்தான். அவன் மூலையில் சாய்ந்து கிடந்தான். பாதி கரைந்துவிட்டிருந்தான்.

கெர்னல் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "ஒரு உசிரைக் காப்பாத்திக் குடுத்துட்டே சாமி. உனக்கு நான் என்ன செய்யட்டும்?"

"எனக்கென்னங்கம்மா வேணும்?" என்றான் அவன். "இவ்வளவு தூரம் வந்தும் அண்ணன் கையில சேராமப் போறனேன்னுதான் ஒரு குறை."

கெர்னல் எழுந்துபோய் நாச்சிமுத்துவைக் கையோடு கூட்டிவந்தாள். அதே செய்தி நாச்சிமுத்துவுக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. அவனுக்கு இது வேண்டியதே இல்லை. இருந்தாலும் அவன் இரண்டு கையையும் நீட்டி அந்தப் பாக்கெட்டை வாங்கிக்கொண்டான். முதல் தடவை படிப்பது போலவே ஓர் எழுத்து விடாமல் படித்தான். "நேரமானா என்னப்பா? வந்துட்டயல்ல, அது போதும்" என்றான். அந்தக் கையிலேயே பாக்கெட் நிம்மதியாகக் கரைந்து போயிற்று.

கெர்னல் அன்று விளக்குமாற்றைத் தொடவில்லை. சாத்திய முதல் வாசலின் முன்னால் வெகுநேரம் நின்றிருந்தாள். இன்னும் எத்தனை பேர் வழி தெரியாமல் எங்கெங்கே சுற்றிக்கொண்டிருக்கிறார்களோ என்று அவளுக்குத் தோன்றியது. இத்தனை நாளும் எத்தனை பேர் வந்து பார்த்து, தாங்கள் தேடி வந்த வாசலில் வேறு யாரோ நிற்கக் கண்டார்களோ என்றும் தோன்றியது. பிறகு எல்லாப் புரோகிராம்களையும் கூப்பிட்டுச் சொன்னாள்:

"இனிமேல் விடைபெத்துட்டுப் போனவங்க வாசலை உடனே யாருக்கும் தர மாட்டேன். ஒரு பாக்கெட் வழியில எவ்வளவு நேரம் உசிரோட இருக்குமோ, அதைப் போல ரெண்டு மடங்கு நேரம் அது அப்படியே இருக்கட்டும். போறவனுக்கு ஒரு ஆயுசு, வர்றவனுக்கு ஒரு ஆயுசு. அதுக்குள்ள யார் வந்தாலும், எவ்வளவு நேரங்கழிச்சு வந்தாலும், நான் இருந்து பாத்துக்கறேன். உங்களுக்கு அவசரம்னா வேற வாசல் ஆயிரம் இருக்குது."

எண்களையும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டாம், ஒவ்வொரு பேச்சையும் ஒவ்வோர் எண்ணிலிருந்து தொடங்கலாம் என்று கிடங்குக் கெர்னலோடு பேசி முடிவு செய்தாள். அவர் மற்ற கெர்னல்களுக்குச் சொன்னார். அவர்கள் தங்களுக்குத் தெரிந்தவர்களுக்குச் சொன்னார்கள்.

இன்றைக்கும் ஒரு புரோகிராமை நிறுத்திய கையோடு மறுபடி கிளப்பப் பார்க்கிறவர்களிடம், "அந்த இடம் இன்னும் காலியாகவில்லை" என்று கம்ப்யூட்டர் மறுத்துவிடுவதுண்டு. யாருமே இல்லாத வாசலை ஏன் பிடித்துவைத்திருக்கிறது என்று அவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். வையாதீர்கள். மலைமேல் ஒருத்தி உயிர் பிழைத்த நாளிலிருந்து, உலகத்தில் உள்ள எல்லாக் கெர்னல்களும் அப்படித்தான். பேச்சு முடிந்து, இரண்டு பக்கமும் விடைபெற்று, எல்லோரும் போன பிறகும், வழியில் யாராவது மிச்சமிருந்தால் வந்து சேரட்டும் என்று கொஞ்ச நேரம் வாசலிலேயே நிற்கிறார்கள்.